மலையடியில் எறிந்த ஆணி

பேய் பிசாசுக்கெல்லாம் கனடா விசா கிடைக்காது என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். இனிச் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, என் மச்சானே நம்பவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நினைத்தால் பயத்தைவிடக் கோபம்தான் இன்றைக்கும் முன்னால் வருகிறது.

2006ஆம் ஆண்டு, மாசி மாதம். மனைவியின் தம்பி குகன், மொன்றியலுக்கு வடக்கே ஒரு மலையில் பனிக்குள் நடக்கலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனான். செயின்ட்-லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் கதிரையில் இருந்தே நான் வளர்த்த வயிற்றைக் கரைக்கவாம். மனைவி புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் ஒரே பெட்டியில் கட்டி, பக்கத்தில் ஓர் இரும்பு ஆணியும் வைத்தாள். இறைச்சி வாசத்துக்கு ஏதாவது பின்னால் வரும், இரும்பு இருந்தால் கிட்ட அண்டாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. கார் நிறுத்திய இடத்தில் அந்த ஆணியை எடுத்து, இந்தக் குளிரில் பேய்க்கும் கால் விறைத்துவிடும் என்று சொல்லிப் பனிக்குள் எறிந்தேன். குகனும் சிரித்தான். என்னோடு சேர்ந்து அவன் சிரித்தது அதுதான் கடைசி.

ஏறத் தொடங்கியதும் அவன் மான்போல முன்னால் போய்விட்டான், நான் எருமைபோலப் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் நின்று ஒரே நக்கல்.

"அத்தான், வயித்தை முதல் அனுப்புங்கோ. நீங்கள் பேந்து ஆறுதலா வரலாம்."

முதல் தடவை பொறுத்துக்கொண்டேன். நாலாம் தடவை கொதித்தது. எங்கள் வீட்டு சோபாவில் இரண்டு வருடம் படுத்தெழும்பியவனின் வாயைப் பாருங்கள். அவன் அடுத்த வளைவில் மறைந்ததும் நான் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் குந்தி, பெட்டியைத் திறந்து, இரண்டு பேருக்கான கறியையும் தனியே தின்றேன். வெட்கம்தான், ஆனாலும் கோபத்தில் நன்றாகவே இறங்கியது. எலும்பைச் சூப்பியபடி மனதுக்குள் சொன்னேன்: கிட அங்கை, உன்னை ஒருத்தரும் தேட மாட்டினம். மனதுக்குள்தான். வாயில் எலும்பு இருந்தது, சத்தியமாக.

அரை மணி நேரமாகியும் அவன் சத்தத்தைக் காணவில்லை. எழும்பிப்போய் வளைவைத் தாண்டினால், கீழே பள்ளத்தில் கால் முறிந்து கிடந்தான். சறுக்கி இறங்கினேன். அவன் ஒரு தடியை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"கிட்ட வராதேங்கோ."

விழுந்ததும் என்னைக் கூப்பிட்டானாம். நான் வந்து விளிம்பில் நின்று, பெட்டியும் கையுமாகத் தின்றுகொண்டே அவனைப் பார்த்தேனாம்.

"கிட அங்கை, உன்னை ஒருத்தரும் தேட மாட்டினமெண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனீங்கள்?"

நான் அந்த மரத்தைவிட்டு அசையவே இல்லை. அதைக் கத்திச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தச் சொற்களைக் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தத் தயக்கமே அவனுக்குப் போதுமாக இருந்தது. மேலே விளிம்பில், அவன் விழுந்த தடத்தையும் நான் இறங்கிய தடத்தையும் தவிர வேறு காலடி ஒன்றுமே இல்லை.

இரண்டு மணி நேரம் அவனை முதுகில் சுமந்து இறக்கினேன். அந்தத் தடியை அவன் கடைசிவரை கைவிடவில்லை. வீட்டில் மனைவி, தன் தம்பி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஆணி எங்கை?"

அது என்ன சனியனோ, என் கறி வாசத்துக்கு வந்து என் முகத்தையே போட்டுக்கொண்டு என் குடும்பத்தைப் பிரித்துவிட்டுப் போனது. கையில் கிடைத்திருந்தால் வெளுத்திருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து செயின்ட்-மிஷேலில் ஒரு கல்யாணம். குகன் மண்டபத்தின் அந்தக் கோடியில், எனக்கு முதுகு காட்டிக்கொண்டு சாப்பிட்டான். மேளமும் நாதஸ்வரமும் காதைப் பிளந்தன. நான் வாயே திறக்கவில்லை. நன்றி கெட்டவன் என்று மனதுக்குள் ஒருமுறை நினைத்தேன், அவ்வளவுதான்.

அவன் சாப்பிட்ட கையோடு மெதுவாகத் திரும்பினான். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு இரண்டு கதிரை தள்ளி, ஆள் இல்லாத இடத்தைப் பார்த்தான்.