மனைவியின் ஆசனத்தில் ஒரு செம்மறி

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் நாலாம் மாடியில் இருக்கிற மனிதனுக்குக் காட்டில் ஓடுகிற வண்டி எதற்கு என்று மனைவி கேட்டாள். நகரிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பழைய மரவீட்டையும் அதைச் சுற்றிய காட்டுத்துண்டையும் வாங்கியிருந்தோம். விறகு ஏற்றலாம், கல் அள்ளலாம், வேலிக்கட்டை கொண்டு போகலாம் என்று அடுக்கினேன். அவள் தேநீரைக் குடித்து முடித்தாள்.

"உங்களுக்கு ஓட ஆசை. அதைச் சொல்லுங்கோவன்."

ஆசைதான். நாலு பருத்த சில்லு, இரண்டு ஆசனம், கதவு கிடையாது, பின்னால் டிப்பர் லொறி மாதிரிச் சாயும் ஒரு சின்னப் பெட்டி. முதல் நாள் அதில் ஏறியபோது எனக்கு வயது பன்னிரண்டு ஆகிவிட்டது.

ஆனால் இங்கே சட்டப்படி காட்டுக்குள் சும்மா வண்டி ஓட முடியாது. சொந்தக் காணியென்றாலும் ஏதாவது வேலை இருக்க வேண்டும். எங்கள் காணியில் அவ்வளவு வேலை இல்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை கிணற்றடிக் கற்களை ஏற்றிப்போய் வேலியோரம் கொட்டினேன். அடுத்த சனிக்கிழமை வேலியோரக் கற்களைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது சனிக்கிழமை மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"அது போன கிழமைக் கல்லெல்லோ?"

"ஓம். அங்கை வடிவாப் பொருந்தேல்லை."

ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் அவளும் கூட வந்தாள். காணியின் எல்லைப் படலையைத் திறக்க இறங்கினாள். அந்தப் பக்கம் மணி கட்டிய செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன, பக்கத்துப் பண்ணைக்காரியுடையவை. அதில் பெரிய மறியாடு ஒன்று நேரே வந்து, ஒரே தாவில் மனைவியின் ஆசனத்தில் ஏறி, முன்னே பாதையைப் பார்த்தபடி காலை மடக்கிப் படுத்துவிட்டது.

"இறக்குங்கோ அவவை" என்றாள் மனைவி, படலையைப் பிடித்தபடி.

தள்ளினேன். கை கம்பளிக்குள் புதைந்ததே தவிர ஆடு அசையவில்லை.

"உங்களை நல்லாத் தெரிஞ்ச மாதிரி இருக்கிறா."

"பாண் தின்ன வாறவ."

"எந்தப் பாண்?"

நான் ஆசன இடுக்கில் கிடந்த ரொட்டித்தூளைத் தட்டிவிட்டேன்.

"ஃப்ரீசரிலை வைச்ச பாணோ? நான் அதைத் தேடாத இடமில்லை."

ஆட்டை அதன் பண்ணையிலேயே கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. "நீர் பின்னாலை ஏறும்" என்றேன். அவள் என்னையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் ஏறினாள்.

மற்ற ஆடுகள் பாதையை மறித்து நின்றன. ஹோர்ன் அடிக்க நினைத்துப் பக்கத்திலிருந்த பொத்தானை அமர்த்தினேன். ஹோர்ன் அடிக்கவில்லை. இன்னும் பலமாக அமர்த்தினேன். பின்னாலிருந்து "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று குரல் கேட்டது. ஆடுகளோடு கதைக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது பெட்டி முழுதாகச் சாய்ந்திருந்தது. மனைவி புளூபெரிப் பற்றைக்குள் இருந்தாள்.

ஓடிப்போனேன். அடிபடவில்லை, காற்சட்டை மட்டும் ஊதா நிறமாகியிருந்தது. அவள் உடனே எழும்பவில்லை. கைக்கெட்டிய பழமொன்றைப் பறித்து வாயில் போட்டாள்.

"இனி நான் ஓடுறன்" என்றாள்.

பண்ணைக்காரி எழுபது வயதைத் தாண்டியவர். முற்றத்தில் கோப்பிக் கோப்பையோடு நின்றார். என் மனைவி வண்டி ஓட்டி வருவதையும், பக்கத்தில் தன் ஆடு இருப்பதையும், பெட்டியின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்தபடி நான் குந்தியிருப்பதையும் அவசரமில்லாமல் பார்த்தார்.

"இவளுக்குப் பாண் கொடுத்துப் பழக்கியது யார்?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

மனைவி பின்னால் கையைக் காட்டினாள்.

ஆட்டின் வயிற்றுக்குப் பாண் கூடாது என்பதை அவர் எனக்கு நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினார். நான் பெட்டியிலிருந்து இறங்காமலே தலையாட்டினேன். பிறகு அவர் ஆட்டிடம் ஒரு சொல் சொன்னார். அது எழும்பி, இறங்கி, போய்விட்டது.

செப்டெம்பரில் அவர் தொலைபேசியில் அழைத்தார். கோடை முழுக்க மலையில் மேய்ந்த மற்ற ஆடுகளை இறக்கும் நாள் வருகிறதாம். மனைவிதான் பேசினாள்.

"வண்டியையும் என்னையும் வரட்டாம். நடக்கேலாத ஆடுகளை ஏத்தோணுமாம்."

"என்னைக் கேட்கேல்லையோ?"

"கேட்டவ. கால் பலமோ எண்டு."

இரண்டு நாள் மலைச்சரிவில் ஆடுகளின் பின்னால் கத்திக்கொண்டு நடந்தேன். சப்பாத்துக்குள் சேறு, தொண்டையில் குரல் இல்லை. இறங்கி முற்றத்துக்கு வந்தபோது ஊர் ஆண்கள் நாலைந்து பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். இந்தச் சரிவில் எந்தக் கியரில் இறங்க வேண்டுமென்று என் மனைவி அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்கென்று மேசையில் வைத்திருந்த வாஃபிள் அப்பத்தில் நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, அவர்களோடு போய் நின்று கேட்டேன். எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.