இன்னொரு தடவை ஓட்டட்டுமா சார்?

கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது எனக்கு நடந்தது. ஹைதராபாத் அமீர்பேட்டையில், பட்டப்பகலில், லேப் நிறைய ஆட்கள் இருக்கும்போது நடந்தது.

அன்று எங்கள் கம்ப்யூட்டர் வகுப்பின் கடைசிப் பரீட்சை. தேறினால்தான் கம்பெனி இன்டர்வியூ. இல்லையென்றால் என் ஊர் மிர்யாலகூடாவுக்குப் பஸ் ஏறி மாமா மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். முகூர்த்தமே பார்த்து வைத்திருந்தார்கள்.

கேள்வி சுலபம். ஒரு ஃபைலில் உள்ளதைப் படித்து இன்னொரு காலி ஃபைலில் எழுத ஒரு புரோகிராம். ஓட்டும்போது எதிலிருந்து என்று முதலில், எதற்கு என்று அடுத்து, பெயர் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் போச்சு. நல்ல ஃபைல் துடைத்து வைத்ததுபோல் காலியாகிவிடும்.

பாண்டுரங்க ராவ் சார் மழையில் மாட்டி, தாமதமாக வந்தார். வந்ததும் எரிந்து விழுந்தார்.

"ஒருத்தருக்கு ஒரே தடவைதான். என் கண் முன்னாடி ஓட்டணும். தப்பா போச்சுன்னா மூட்டையைக் கட்டுங்க. அழறவங்க வெளியில போய் அழுங்க."

எனக்கு ஜன்னலோர மெஷின். பக்கத்தில் இருந்த பவானி தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"அங்கயா? செத்தடி நீ."

எழுதி முடித்தேன். சார் பின்னால் வந்து நின்றார். பெயர்களைத் தட்டினேன். முதலில் நல்ல ஃபைல், அடுத்து காலி ஃபைல். நிமிர்ந்து பார்த்தால்... இரண்டும் இடம் மாறியிருந்தன.

நான் என்டர் தட்டவில்லை. சத்தியமாகத் தட்டவில்லை.

டக்.

ஃபைல் காலி.

"ஏய் மிர்யாலகூடா, கண்ணு அவிஞ்சு போச்சா?"

"சரியாத்தான் அடிச்சேன் சார்..."

"எந்திரி. எப்படின்னு நான் காட்டறேன்."

அவரே உட்கார்ந்தார். காலியான ஃபைலில் நாலு வரி அடித்தார். பெயர்களைக் கொடுத்தார். கையை எடுத்தார்.

பெயர்கள் மாறின.

டக்.

மறுபடி காலி. சாரின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

டக்... டக்... டக்...

வெறும் திரையில் எழுத்து விழுந்தது.

இன்னொரு...

தடவை...

ஓட்டட்டுமா சார்?

நான் பவானி பக்கம் ஒதுங்கினேன்.

"ஓட்டுடா சைதுலு," என்றார் சார், முனகலாக.

எங்கள் வகுப்பில் சைதுலு என்று யாரும் இல்லை.

எனக்கு பாஸ் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சார் வெளியே போனார். லேபைப் பெருக்கும் யாதம்மாதான் படிக்கட்டில் என்னை நிறுத்திச் சொன்னாள்.

"முன்னால அந்த மெஷின்ல சைதுலுன்னு ஒரு பையன். பேரை மாத்திக் குடுத்துட்டான். இன்னொரு தடவைன்னு காலைப் புடிச்சான். சார் கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளினாரு. கேட்டைத் தாண்டினதும் லாரி அடிச்சுச் செத்துட்டான். அதுலேருந்து தினம் காலைல அந்த நாற்காலிகிட்ட நின்னு 'ஓட்டுடா'ன்னு சொல்லிட்டுத்தான் லேபையே தொறப்பாரு. இன்னிக்கு மழை, லேட்டாயிருச்சு. நான்தான் தொறந்தேன். வந்தவரு சொல்ல மறந்துட்டாரு."

எனக்கு வேலை கிடைத்தது. போன மாதம் சார் மாரடைப்பில் போய்விட்டார்.

நேற்று யாதம்மா போன் செய்தாள். பெருக்கும் வேலையை விட்டுவிட்டாளாம். பூட்டிய லேபுக்குள் இப்போது இரண்டு குரல் கேட்கிறதாம்.

அழுவது சாரின் குரல்.

"இன்னொரு தடவை ஓட்டட்டுமாப்பா?"

பதில் சொல்வது ஒரு பையன்.

"ஒரே தடவைதான் சார்."