திங்கட்கிழமைக்கு ஒரு சவரப் பிரஷ்

அடையாள அட்டையில் என் கணவருக்குத் தாடி இல்லை. வீட்டில் இருந்தவருக்குக் கழுத்தை மறைக்கும் தாடி. அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில்தான் நாங்கள் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்தோம்.

தாடி சுனாமியோடு வந்தது. அலை அடித்த காலையில் ஒரு தகரம் அவருடைய வலது தாடையைக் காதடியில் இருந்து நாடி வரை கிழித்துவிட்டுப் போனது. தையல் போட்ட இடத்தைச் சுற்றி மயிர் ஒரு பக்கம் பார்த்து முளைக்கவில்லை, சுழித்துச் சுழித்து முளைத்தது. சவர்க்கார நுரையைக் கையால் தேய்த்துவிட்டுச் சவரம் செய்தால் பிளேட் தழும்பில் தட்டி இரத்தம் வரும். அதனால் வளரவிட்டார். அப்போது சண்டை நின்றிருந்த காலம். தாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. ஒருநாள் பாலத்தடியில் ஆமிக்காரர்கள் சோதிக்கும் சென்றியில் அட்டையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, இது நீ இல்லை என்று சொல்லி, மத்தியானம் வரை அவரை வெயிலில் இருத்தி வைத்தார்கள். அதன் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிறது. அவர் வேலை செய்யும் கந்தோர் வாவிக்கு அந்தப் பக்கம், டவுனில். பாலத்தைத் தாண்டாமல் போக வழியில்லை. லீவுக்கு மேல் லீவு போட்டார். கடைசியில் கூட வேலை செய்யும் ஒருவர் சைக்கிளில் வந்தார். வருகிற திங்கட்கிழமை கையெழுத்து வைக்காவிட்டால் வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

புதுப் படத்தோடு வேறு அட்டை எடுக்கலாம். அதற்கும் பாலத்தைத் தாண்டவேண்டும். சலூனுக்குப் போகலாம். ஆனால் சந்திச் சலூனில் யார்யாரோ பேப்பர் பார்ப்பதுபோல, வருகிறவர்களை நோட்டம் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க இருந்த காலம் அது. கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அங்கே கண்ணை மூட அவரால் ஏலாது. வீட்டில் சவரம் செய்தால் வெட்டும். பழைய தழும்பைச் சொல்லிக்கொள்ளலாம், இந்தக் கரையில் சுனாமித் தழும்பு புதினமில்லை. புது வெட்டைச் சொல்ல ஏலாது. இளம் ஆணின் முகத்தில் பச்சைக் காயம் இருந்தால் சண்டையில் பட்டது என்ற கதையை ஆமிக்காரர்களே வைத்திருப்பார்கள்.

“அப்பாட பிரஷ் இருந்தா வெட்டாம எடுத்திருவன்,” என்றார் அவர். “பண்டிமயிர்ப் பிரஷ். மயிரக் கிளப்பி நிப்பாட்டிரும்.”

மாமாவும் மாமாவின் வீடும் அந்தப் பன்றிமயிர்ப் பிரஷ்ஷும் அலை அடித்த அதே காலையில் போயிருந்தன.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். அங்கே எல்லாச் சாமானும் கிடைக்கும், பாலமும் தாண்டத் தேவையில்லை. என் மூளை அந்தளவோடு நின்றுவிட்டது. கடைக்கார முஸ்லிம் அண்ணன், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து இரண்டு பிரஷ்களை எடுத்து வைத்தார். நான் தொட்டுப் பார்த்துவிட்டு, “காக்கா, இது நைலோன். பண்டிமயிர்ல இல்லையா?” என்று கேட்டேன்.

தொழுகைத் தொப்பியோடு பக்கத்தில் நின்று உடுக்கிற சாரம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். அப்போதுதான் நான் எங்கே நின்று எதைக் கேட்கிறேன் என்று விளங்கியது. காதெல்லாம் சுட்டது.

காக்கா கோபிக்கவில்லை. “புள்ள, பத்து வருசமா கடை வெச்சிரிக்கன். இத ஒத்தரும் இஞ்ச கேட்டதில்ல,” என்றார். பக்கத்தில் நின்றவர், “நாளைக்கு வந்து சாராயமும் கேப்பா,” என்றார். காக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டவுனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையைச் சொன்னார். நைலோன் பிரஷ்ஷையாவது வாங்கியிருக்கலாமோ, வாங்காமல் வந்தது அவமரியாதையோ என்று பஸ்ஸில் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பாலத்தைத் தாண்டினேன். பிள்ளையோடு வரும் பெண்ணை அதிகம் மறிக்கமாட்டார்கள். டவுன் கடையில் பன்றிமயிர்ப் பிரஷ் இருந்தது. ஒன்று நீளமான மயிரோடு, விரித்த விசிறிபோல. மற்றது குட்டை, மயிர் நெருக்கமாக, குத்துவதுபோல.

“கோப்பையில நுரை அடிக்கிறதுக்கா அக்கா, முகத்திலேயே வெச்சு அடிக்கிறதுக்கா?” என்று கடைப் பெடியன் கேட்டான்.

அப்படி இரண்டு விதம் இருப்பதே எனக்குத் தெரியாது. தழும்பைச் சுற்றிச் சுழித்திருக்கும் மயிரை நினைத்துப் பார்த்தேன். நுரையைக் கோப்பையில் அடித்துத் தடவினால் அது மேலே படிந்து கிடக்கும். முகத்தில் வைத்துச் சுற்றினால்தான் மயிரின் அடிக்குப் போகும். அதற்கு வளையாத பிரஷ் வேண்டும். ஆனால் வளையாதது தழும்பைச் சிவக்க வைக்காதா? இரண்டையும் என் தாடையில் மாறிமாறி அழுத்திப் பார்த்தேன்.

“அண்ணனுக்குத்தானே அக்கா?” என்றான் பெடியன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

நீளமானதை வாங்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனேன். பஸ் வந்தும் ஏறாமல் திரும்பி வந்து குட்டையை மாற்றி எடுத்தேன். அது சரியா என்று வீடு வந்து சேரும் வரை தெரியவில்லை.

அதைத் தண்ணீரில் ஊறப்போட்டபோது தொழுவத்து மணம் வந்தது. சில மயிர்கள் கழன்றன. முற்றம் கூட்டுகிற தும்புத்தடி மாதிரிக் குத்தியது. நான் ஒவ்வொரு நாளும் ஊறவைத்து, சவர்க்காரம் போட்டு, என் முன்னங்கையில் வைத்துச் சுற்றிச்சுற்றித் தேய்த்தேன். கை சிவந்தது. சனிக்கிழமையளவில் மயிரின் நுனிகள் பிரிந்து மெத்தென்று ஆகிவிட்டன. ஆனால் அடி வளையவில்லை. அந்தக் கிழமை முழுக்க என் மனதுக்குப் பிடித்தபடி நடந்த ஒரே காரியம் அதுதான்.

திங்கட்கிழமை விடியும்போது கிணற்றடியில் அவரை இருத்தினேன். முதலில் கத்திரிக்கோலால் தாடியை வெட்டினேன். பிறகு நுரை போட்டேன். தழும்பின் மேல் பாரம் கொடுக்காமல், சுழியின் போக்கிலும் எதிர்ப்போக்கிலும் சுற்றினேன். மயிர் நுரைக்குள் எழும்பி நின்றது. பிளேடை அவரே பிடித்தார். ஒரு துளி இரத்தம் வரவில்லை. அட்டையில் இருந்த முகம் என் முன்னால் இருந்தது, தழும்பு மட்டும் கூட.

மகளுக்குக் கிளினிக் என்று சொல்லிக்கொண்டு நானும் கூடப் போவதாக ஏற்பாடு. பிள்ளையைத் தூக்கிய ஆணிடம் கேள்வி குறைவு என்பதையும் நான் கவனித்து வைத்திருந்தேன். நித்திரையாகக் கிடந்த மகளை அப்படியே அவருடைய தோளில் போட்டேன்.

பாலத்தடியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அவர் முறை வந்து அட்டையை நீட்டியபோது மகள் விழித்தாள். தலையை நிமிர்த்தி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவள் பிறந்ததே சுனாமிக்கு அடுத்த வருடம். தாடி இல்லாத அப்பாவை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

அவருடைய கைக்குள் இருந்துகொண்டே “அப்பா, அப்பா” என்று கத்தி, அவருடைய நெஞ்சில் உதைத்துக்கொண்டு பின்பக்கம் வளைந்தாள்.

ஆமிக்காரனுக்கு அந்தச் சொல் தெரியும். “அப்பா எங்க?” என்று கேட்டான். வேறு இருவர் கிட்ட வந்தார்கள். எனக்கு வரிசையை விட்டுப் போக ஏலாது. போகாமல் நிற்கவும் ஏலாது. கூப்பிட்டபோது ஓடினேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், தாடி, இன்றைக்குக் காலையில், என்று சொல்லி விரல்களால் கத்திரி காட்டினேன்.

“ஏன் இன்டைக்கு வெட்டினது?” என்றான் அவன்.

ஒரு கிழமையாக மறைக்கப் பாடுபட்டதை என் வாயே சொல்லிவிட்டது. அவரை மண்மூடை ஓரமாக இருத்தினார்கள். அவர்களுடைய பெரியவர் வரட்டுமாம். மகள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “அப்பாதான் மகள்,” என்றேன். “இல்ல,” என்றாள். அந்தச் சொல்லும் அவர்களுக்குத் தெரியும்.

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வாயில் சோறு தீத்தும்போது கேட்கிற மாதிரியே கேட்டார்: “என்ட கறுப்பி எங்க?”

மகள் முகத்தை எடுக்காமல், பழக்கத்தில், “இஞ்ச இரிக்கன்,” என்றாள்.

“வாயக் காட்டுங்க பாப்பம்?”

திரும்பிப் பார்த்தாள். முகத்தைக் கண்டதும் மறுபடி புதைத்துக்கொண்டாள். ஆனால் வாயைத் திறந்து வைத்திருந்தாள். ஆமிக்காரன் சிரித்தான். ஆனாலும் போகவிடவில்லை. பெரியவர் வர வெயில் ஏறிவிட்டது. அவர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தழும்பை விரலால் காட்டினார். “சுனாமி,” என்றார் என் கணவர். பெரியவர் தலையசைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அன்றைக்கு என் கணவர் கந்தோரில் கையெழுத்து வைத்தார். வேலை போகவில்லை. பின்னேரம் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு, “நாளைக்கும் போகவேணும்,” என்றார். நான் திங்கட்கிழமையை மட்டும்தான் யோசித்திருந்தேன்.

அடுத்த நாள் காலையில் மகளைத்தான் முதலில் எழுப்பினேன். கிணற்றுக்கட்டில் இருத்தி, நுரை போடுவதையும் பிளேட் போவதையும் பார்க்க வைத்தேன். கழுவித் துடைத்த முகத்தை அவளுடைய கையால் தடவ வைத்தேன்.

“இது யாரு?”

“அப்பா.”

“ஆமி மாமா கேட்டா?”

அவள் யோசித்தாள். “அப்பா.”

“போதும், பிள்ளைய விடு,” என்றார் அவர்.

நான் இன்னொருமுறை கேட்டேன்.