நிர்மலா ஒட்டிய அம்பு

வலது கை நகங்கள் ஐந்திலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களை ஒட்டிக்கொண்டு நிர்மலா பனியனை உதறுகிறாள். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் போதும், நகத்திலிருந்து ஓர் அம்பு போய் அதன்மேல் உட்காரும். வாயிலிருந்தும் ஒன்று பறக்கும். "கண்ண மூடீட்டுத் தெச்சிருக்கறான் பாருங்க."

அவிநாசிபாளையத்துப் பக்கம் அந்த பனியன் கம்பெனி. செக்கிங் மேசையிலேயே அவளுக்கு நரை விழுந்துவிட்டது. டீ தாமதமானால் கோபம், சூடாக வந்தால் அதற்கும் கோபம். முதலாளியையே "ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியாதுங்களா?" என்று கேட்டவள். திட்டும்போதும் 'ங்க' குறையாது.

தொடர்கதைக்காகக் கம்பெனி பார்க்க நான் போன அன்று, அந்தக் கோபம் ஒரு பூவின்மேல் விழுந்தது. குழந்தைகள் சட்டையின் மார்பில் ரோஸ் நிறப் பூ. ஒரே ஓர் இதழ். புதிதாகச் சேர்ந்த தேஜஸ்ரீ அந்தக் கட்டு முழுவதையும் பாஸ் பண்ணியிருந்தாள். நிர்மலா பூவுக்குப் பூ அம்பை ஒட்டினாள். "மத்த எதழெல்லாம் எங்க? தூங்கிட்டேவா பாத்தே கண்ணு?"

மேனேஜர் மோகன்ராஜுக்கு அது போதுமாக இருந்தது. "நாளைலருந்து வர வேண்டாம்மா." அந்தப் பெண் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்பா படுத்த படுக்கை. அவள் வேலையில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது.

எம்பிராய்டரி போட்ட மதுரைக்காரர் காசிமாயன் மட்டும் வாயைத் திறந்தார். "சட்டைக்கு ஆர்டர் குடுத்த பையர் அனுப்புன படமே அதுதான்க்கா. ஓரிதழ் தாமரை. பின்னாடி கொறங்காட்டுல பூத்துக் கெடக்கு. தெனம் அதுமேல உக்காந்துதான சோறு திங்கிறீக?"

சிரித்தவர்களை நிர்மலா ஒரு பார்வை பார்த்தாள். "பொய்யின்னா இனிக்குதுங்க உங்களுக்கு." சுவருக்குப் பின்னால் மாடு மேயும் அந்தப் புல்வெளிக்கு விடுவிடுவென்று நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே சாண் உயரச் செடி. அதில் நகத்தளவு ஒற்றை இதழ், அதே ரோஸ். மற்றவை உதிர்ந்திருக்கும் என்று அடுத்த செடியைப் பார்த்தாள். அதிலும் ஒற்றைதான். துணியைத் திருப்புவதுபோலப் பூவைத் திருப்பினாள். மற்ற இதழ்கள் எள்ளளவில் காம்போரம் ஒடுங்கிக் கிடந்தன.

"இத்தன வருசமா இங்கதான இருந்தே," என்று பூவையும் திட்டினாள்.

உள்ளே வந்தவள் சட்டைகளிலிருந்து அம்புகளை உரித்தாள்.

"பூ சரின்னா சரி," என்று மோகன்ராஜ் இழுத்தார், தேஜஸ்ரீயைப் பார்த்தபடியே. "இருந்தாலும் யாரோ தப்புப் பண்ணுனதுலதான வேல நின்னுச்சு?"

நிர்மலா கடைசி அம்பைத் தன் அடையாள அட்டையில், தன் படத்துக்கு நேராக ஒட்டி, அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.