நடுக்கோடு முதலில்

என் மனைவி சீன எழுத்து பழகியது பாதி போனில், பாதி என் முதுகில். கும்பகோணம் போகும்போதெல்லாம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, விரலால் என் சட்டைமேல் எழுதிக்கொண்டே வருவாள். என்ன எழுத்து, சொல்லுங்க என்பாள். எனக்கு முதுகு கூசும். தெரியாது என்பேன்.

காரணம் ஒரு நடவு மெஷின். பழையதாக வாங்கினோம், ஓட்டுவது அவள்தான். பொத்தான், நெம்புகோல் எல்லாவற்றின் பக்கத்திலும் சீன எழுத்து. போன் கேமராவைக் காட்டினால் தமிழில் சொல்லிவிடுமே, இதற்குப் போய்ப் படிப்பா என்றேன். ஸ்டிக்கர் தேய்ந்துபோனால் கேமரா என்ன சொல்லும் என்று கேட்டாள். பதில் தெரியாதபோது எனக்குக் கோபம் வரும். வந்தது.

எழுத்தைவிட அதை எழுதும் வரிசைதான் பெரிய பாடமாம். இடப்பாதி முதலில், பிறகு வலம். மேலே இருப்பது முதலில், பிறகு கீழே. ஒரு கட்டம் போடச் சொன்னால் நம் கை ‘ப’ எழுதி மூடி போட்டுவிடும். அது தப்பு. இடக்கோடு, பிறகு மேலும் வலமும் ஒரே இழுப்பில், கடைசியில் அடிக்கோடு. எப்படிப் போட்டாலும் கட்டம் கட்டம்தானே என்று சண்டை போட்டேன். அவள் போனைக் காட்டினாள். அந்தக் கீபோர்டில் எழுத்தே இல்லை, சில வகைக் கோடுகள்தான். வரிசையாக அழுத்தினால் எழுத்தைக் காட்டும்; வரிசை மாறினால் கையை விரித்துவிடும்.

போன குறுவையில் கூலிக்கு நட முதல் வெளிவேலை வந்தது, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். மெஷினை லோடு வண்டிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போக, நாங்கள் ஸ்கூட்டரில் போனோம். வயலில் இறக்கினால் இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் சுற்றுகிறது, பின்னால் நாற்று நடும் தட்டு மட்டும் கீழே இறங்கவில்லை. பாயில் வளர்த்த நாற்று வயது ஏறி நின்றது. அன்றைக்கு நடாமல் விட்டால் பிறகு மெஷினில் நட முடியாது. நடவு ஆட்களுக்குச் சொல்லிவிடட்டுமா என்று வயல்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். அவர்கள் வந்து நட்டுவிட்டால் அந்தப் பக்கம் இனி அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். திருவாரூர் மெக்கானிக், இந்த மாடலைப் பார்த்ததே இல்லை என்று போனில் சொல்லிவிட்டார்.

சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புத் திருகு இருந்தது. சும்மா திருப்பித்தான் பாரேன் என்றேன். தெரியாமல் தொட்டு உள்ளே எதையாவது உடைக்க மாட்டேன் என்றாள். பக்கத்து ஸ்டிக்கரில் ஒரே ஓர் எழுத்து. அதிலும் வலப்பாதி கால் பட்டுப் பட்டு அழிந்திருந்தது. கேமரா ஒன்றும் சொல்லவில்லை.

புடவைக்கு மேல் போட்டிருந்த என் பழைய சட்டையில் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு, இடப்பாதியை ஒவ்வொரு கோடாக அழுத்தினாள். போன் பல எழுத்துகளைக் காட்டியது. முதலில் நின்றது ‘பணம்’. மெஷினே கூலி கேட்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. அழிந்த பாதியின் உச்சியில் மூன்று சின்னக் கோடுகள் மிஞ்சியிருந்தன. இடமிருந்து வலமாக அழுத்தினாள், ஒன்றும் வரவில்லை. வயல்காரர் போனை எடுத்துக் காதில் வைத்தார். இவள் கண்ணை மூடி விரலைக் காற்றில் அசைத்துப் பார்த்தாள்.

“நடுவுல இருக்கறதுதாங்க முதல்ல. அப்புறந்தான் ரெண்டு பக்கமும்.”

மறுபடி அழுத்தினாள். வந்த இரண்டு மூன்று எழுத்துகளில் ஒன்றைத் தொட்டு என்னிடம் நீட்டினாள். தமிழில் ‘பூட்டு’ என்றிருந்தது. வண்டியில் வரும்போது தட்டு ஆடாமல் இருக்கப் போடும் பூட்டு. ஏற்றியவர்கள் போட்டிருக்கிறார்கள். அவள் திருகைத் திருப்பி நெம்புகோலைத் தள்ள, தட்டு மெல்ல இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தது. வயல்காரர் போனை மடியில் செருகிக்கொண்டு நாற்றுப் பாயைத் தூக்க வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தியோடா இத்தனை நாள் சண்டை போட்டேன் என்று பெருமையாகவே இருந்தது.

நடவு முடிந்து திரும்பும்போது முதுகில் விரல் பட்டது. இடப்பாதி முடிந்தது. தள்ளி, நடுவில் ஒரு கோடு.

அடுத்த கோடு விழுவதற்குள் பூட்டு என்றேன். விரல் நின்றது.

“முழுசா எழுத விடுங்க,” என்று சொல்லி, முதல் கோட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.