வராத பன்னிரண்டாம் பாகம்

நம்பாதவர்கள் செஞ்சியில் மணிலாக்கொட்டை மண்டி வரைக்கும் ஒரு நடை போய் வரலாம். முதலாளி இளையபெருமாள் துண்டை விலக்கிக் கழுத்தைக் காட்டுவார். பேசமாட்டார். முன்பெல்லாம் ஊரில் அவர் பேச்சை நிறுத்த யாராலும் முடிந்ததில்லை. அது நின்ற கதை இது.

1964. ‘கறுப்பு சாரட்டு’ ரசிகர் மன்றத்துக்கு அவர்தான் நிரந்தரத் தலைவர். கால் நூற்றாண்டுக்கு முன் செஞ்சி டென்ட் கொட்டகையில் வாரம் ஒரு பாகமாக ஓடிய சண்டைப் படம் அது. பதினோரு பாகம் வந்தது. பன்னிரண்டாவது வரவேயில்லை. உலகமே மறந்துவிட்ட அந்தப் படத்தை மறக்க மறுத்த ஏழெட்டுப் பேர், ஆட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் கொட்டகை மணலில் கூடுவார்கள். காட்சியைச் சொன்னால் மட்டும் போதாது. சொல்கிறவர் நடித்தும் காட்ட வேண்டும். ‘அப்புறம்?’ என்று கேட்பவர் எழுந்து வந்து அடி வாங்க வேண்டும். மன்றத்தின் சட்டம் அது.

அந்த ஞாயிறு தலைவர் தேர்தல். வளையல் கடை நூர் முகமது எதிர்த்து நின்றார். ஏழாம் பாகத்திலிருந்து அறுந்த பிலிம் ஒரு சாண் நீளத்துக்கு அவரிடம் இருந்தது. உறுப்பினர்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண் கலங்கினார்கள். பதவி கைநழுவுவது இளையபெருமாளுக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்தார். பன்னிரண்டாம் பாகத்தைத் தான் பட்டணத்திலேயே பார்த்துவிட்டதாக அறிவித்தார். பட்டணத்துக்கு அவர் போனது ஒரே தடவை. பல் பிடுங்க.

"இத்தினி வருசமா சொல்லலியே தலைவரே?" என்றார் நூர் முகமது.

"நீங்கள்லாம் தாங்கமாட்டீங்கன்னுதான் பாய்."

கதையை அங்கேயே கட்டினார். வில்லன் கதாநாயகன் கழுத்தில் சவுக்கைச் சுற்றுகிறான். மறுமுனையைச் சாரட்டுச் சக்கரத்தில் கட்டுகிறான். குதிரைகளை விரட்டுகிறான்...

"அப்புறம்?"

பின்னாலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். வேறு யாரோ கூட்டி வந்த ஆள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். சட்டப்படி அடி வாங்க வருகிறான். இளையபெருமாள் தன் ஜரிகைத் துண்டை எடுத்து அவன் கழுத்தில் போட்டார்.

துண்டு சில்லிட்டது.

கூடாரத்துப் பொத்தல்கள் வழியாக வெயில் வட்ட வட்டமாக விழுந்துகொண்டிருந்தது. எல்லோர் மேலும் மஞ்சளாக. அவன் மேல் மட்டும் வெள்ளையாக. சட்டை சாம்பல். தோல் சாம்பல். வெற்றிலை போட்ட வாய்... கறுப்பு.

"நெஜமாவே பாத்தியா?"

உதடு அசைந்து முடிந்த பிறகுதான் குரல் வந்தது.

"பாத்தேன்" என்றார் இளையபெருமாள். தேர்தல் ஆயிற்றே.

அவன் முகம் மலர்ந்தது. "யாருமே பாக்கலன்னு நெனச்சினு இருந்தேன்." துண்டைக் கழற்றினான். "அப்ப உனக்குத் தெரியும். நீயே வா."

துண்டு இளையபெருமாளின் கழுத்தில் விழுந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இறுகியது.

தள்ளினான். முகம் மணலில் மோதியது. பல் ஒன்று உடைந்து வாய்க்குள் உருண்டது.

இழுத்தான்.

கொட்டகை நீளத்துக்கும் இழுத்தான். பெஞ்சுக் காலில் விலா மோதியது. மளுக். திருப்பி இழுத்தான். காது கிழிந்தது. மணல் சிவந்தது.

கத்தப் பார்த்தார். குரல் வரவில்லை. காதருகே... கட... கட... கட... சக்கரம்.

மன்றத்தார் கை தட்டினார்கள். நூர் முகமது விசில் அடித்தார்.

"இன்னொரு வாட்டி" என்றார் யாரோ.

இன்னொரு முறை இழுத்தான்.

அவன் கண்ணில் கோபம் இல்லை.

நன்றி இருந்தது...

தலைவரின் நாக்கு வெளியே தொங்கியதைப் பார்த்த பிறகுதான் கைதட்டல் நின்றது. அது நின்றதும் துண்டு தளர்ந்தது. இழுத்தவனைக் காணோம்.

நூர் முகமது போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் வேலையாகப் பட்டணம் போய், பழைய படப்பெட்டிகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் விசாரித்தார். திரும்பியவர் நேரே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வந்து, இளையபெருமாளின் கட்டிலருகே உட்கார்ந்தார். பன்னிரண்டாம் பாகம் எடுத்து முடிக்கப்படவே இல்லையாம். அதன் முதல் நாள் படப்பிடிப்பில் கதாநாயகனுக்குப் பதிலாக ஒரு சண்டைக்காரனைக் கழுத்தில் சவுக்கைச் சுற்றிச் சாரட்டுச் சக்கரத்தில் கட்டினார்களாம். குதிரை மிரண்டதாம்.

"செத்த பெறகும் ரொம்ப நேரம் இழுபட்டுக்கினே இருந்தானாம், தலைவரே" என்றார் நூர் முகமது. "யாரும் போய் நிறுத்தல. நல்லா நடிக்கிறான்னு கை தட்டினு இருந்தாங்களாம்."