கிழவியின் முதல் பிரதி

எண்பதுகளில் பஹ்ரைனில் ஒரு கட்டுமானக் கம்பனியில் நான் டெலக்ஸ் ஒப்பரேட்டர். கந்தோருக்கு அந்த மெஷினில் அடித்து வரும் நல்லது கெட்டது எல்லாம் முதலில் என் கண்ணில்தான் படும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மடையன்.

எங்கள் எஞ்சினியர் அயர்லாந்துக்காரர். கட்டடம் அவருக்குச் சோறு போட்டது, உயிர் புத்தகத்தில் இருந்தது. பெரிய பதிப்பகங்கள் திரும்பிப் பார்க்காத ஐரிஷ் மொழிப் படைப்புகளைத் தனியாளாகப் பதினைந்து வருடம் அச்சில் கொண்டுவந்தவர். விற்காத புத்தகங்கள் ஊரில் தன் அம்மாவின் கட்டிலுக்கடியில் கிடப்பதாகச் சிரித்துக்கொண்டே சொல்வார். பதிப்பகத்தை மூடாமல் வைத்திருக்கத்தான் வளைகுடாவுக்கே வந்தார். டியூட்டி முடிந்ததும் நான் அவருக்கு டைப் அடிப்பேன். ஐரிஷில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. எழுத்தெழுத்தாகப் பார்த்துத்தான் அடித்தேன்.

கடைசியாக நான் அடித்தது ஒரு கிழவியின் கதைகள். ஒரு சின்னத் தீவில் இருந்தவள், எண்பது தாண்டியவள், வாசிக்கத் தெரியாது. அவள் சொன்னதைக் கசற்றில் பிடித்து வந்து, கேட்டுக் கேட்டு எழுதியிருந்தார். புத்தகத்தை அவள் கையிலேயே தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவளுக்கு நெஞ்சு வருத்தம் என்று கேள்விப்பட்டதும், ஊரில் அச்சடிக்கக் காத்திராமல் இங்கேயே மனாமாவில் ஒரு மலையாளியின் அச்சகத்தைப் பிடித்தார். புரூஃபை நாங்கள் இருவரும் ஐந்து தடவை பார்த்தோம். ஞாயிறு இரவு விமானத்துக்கு டிக்கெட் போட்டிருந்தார்.

வியாழன் மத்தியானம் அவருடைய தம்பியிடமிருந்து டெலக்ஸ் வந்தது. கிழவி காலையில் போய்விட்டாள், சனிக்கிழமை அடக்கம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார். பைண்டிங் பசைகூடக் காயாத முதல் பிரதியை என் மேசையில் வைத்தார். "பாருங்கள், அவள் பெயரை எவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறேன்!" என்றார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. டெலக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

ஊர்க்காரர் நாங்கள் சேர்ந்திருந்த ரூமில் அதுதான் வழக்கம். ஊரில் சாவு என்று செய்தி வந்தால் உரியவனுக்கு உடனே சொல்லமாட்டோம். லீவு கிடைக்கும்வரை மறைப்போம். வயிறாரச் சாப்பிடவைத்து, பக்கத்தில் நாலு பேர் இருந்துகொண்டுதான் சொல்வோம். ரூமில் மூத்தவரான அண்ணருக்கே அவருடைய தகப்பன் செத்ததை மூன்று நாள் மறைத்திருக்கிறோம். அவரும் குறை சொன்னதில்லை. எஞ்சினியர் எப்படியும் ஞாயிறு போகிறார், சந்தோஷமாகப் போகட்டும், அங்கே சொந்தக்காரர் பக்குவமாகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அவருக்கு நல்லது செய்ததாகத்தான் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தவர் நேரே என்னிடம் வந்தார்.

"டெலக்ஸ் வந்ததா?"

"வந்தது சேர்."

ஏன் மறைத்தேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"எங்கள் ஊரில் செத்தவரைத் தனியே விடமாட்டோம்," என்றார். "இரண்டு இரவும் வீடு நிறைய ஆட்கள் அவளைச் சுற்றி இருந்து அவளுடைய கதைகளையே சொல்லியிருக்கிறார்கள். பெட்டியை மூடும்வரை எனக்காகக் காத்திருந்தார்கள். வியாழன் இரவே ஏறியிருந்தால் புத்தகத்தை அவள் கையில் வைத்திருப்பேன்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திரும்பக் கொண்டுவந்த முதல் பிரதியை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். அதன் பிறகு எனக்கு டைப் அடிக்க ஒரு பக்கமும் தரவில்லை. என்மேல் கோபம் என்றே நினைத்திருந்தேன். பதிப்பகத்தையே மூடிவிட்டார் என்பது மாதங்கள் கழித்து அவருக்கு வந்த டெலக்ஸ்களைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அடுத்த வருடம் ஒரு நாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரம் டெலக்ஸ் வந்திருக்கிறது. மெஷினிலிருந்து அதைக் கிழித்தெடுத்தவர் அவர். சாப்பாட்டுக் கூடத்துக்கே வந்து, என் தோளில் கைவைத்தார். "உங்கள் அம்மா இன்று காலை இறந்துவிட்டார். இரவு கொழும்புக்கு விமானம் இருக்கிறது. இடம் பிடித்துவிட்டேன்."

கோப்பையில் சோறு பாதி கிடந்தது. பக்கத்தில் இருந்த அண்ணர் கொதித்துப்போனார். "சோத்தில கை வைச்சிருக்கிறவனுக்கு இப்பிடியே சொல்லுறது? மனிசனே இவன்?"

நான் எழுந்து கையைக் கழுவினேன். அன்றிரவே ஏறினேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியெல்லாம் ஆமிச் சென்றிகளில் இறங்கி ஏறி, மறுநாள் பொழுதுபடும் நேரம் படலையைத் திறந்தபோது அம்மாவை இன்னும் எடுக்கவில்லை. "உனக்காகத்தான்ரா வைச்சுக்கொண்டிருக்கிறம்," என்றார் மாமா.

வாய்க்கரிசி போட அரிசியை அள்ளினேன். அன்று கிழவியின் டெலக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்ததும் அதே கைதான்.